நிறைமாதத்தில் இன்னொரு ஸ்கேன்: மேலூர்ப் பக்கத்துத் தலைப்பிரசவம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கர்ப்பிணிக்கு வயது 26, தலைப்பிரசவம். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே. மாசமாவதற்கு முன் எடை 46 கிலோ. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்பதால் எட்டாம் மாதம் முடிய பரிசோதனையெல்லாம் அங்கேதான். வளைகாப்பு முடிந்து மேலூருக்கு வடக்கே, பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, ரத்தம் 11 கிராம். வந்த வாரமே மதுரையில் பிரசவம் பார்க்கப்போகிற தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். அங்கே கொடுத்த சீட்டில் ‘குரோத் ஸ்கேன், டாப்ளருடன்’ என்று எழுதியிருந்தது; அதாவது பிள்ளையின் வளர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பது. அன்றைக்கு 36 வாரம் நிறைவு.

இவள் என் தம்பி மகள். நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சீட்டு என் கைக்கு வந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, கூடவே கூடாது என்றார். “நாலு தடவ மிஷினு வச்சாச்சு. இன்னும் என்னத்தப் பாக்கப் போறாக? பிள்ளைக்குச் சூடு ஏறாதா?” மாப்பிள்ளை போனில் நேர் எதிர்: “பெரியம்மா, காசு போனாப் போகுது, டாப்ளரோடயே எடுத்துருங்க. கூட வேலை பாக்குறவன் வீட்டுல கொடி சுத்தி இருந்தது கடைசி வரைக்கும் தெரியலயாம்.” தம்பி மனைவிக்குக் கவலை வேறு. பிரசவ நாள் சித்திரை 12, அதாவது ஏப்ரல் 25 என்று குறித்திருந்தார்கள். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது பிறகுதான்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் சுருக்கமானது. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி அலை. 1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் முதல் கர்ப்பப் படங்களை வெளியிட்டதிலிருந்து உலகம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. பிள்ளைக்குக் கெடுதல் என்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் அவர் சொன்ன ‘சூடு’ வெறும் கற்பனையும் அல்ல. டாப்ளரில் செலுத்தும் ஆற்றல் சாதாரணப் படத்தைவிடக் கூடுதல்; அதனால்தான் காரணமில்லாமல், வேடிக்கைக்காக, நீளமாக வைக்கக் கூடாது என்ற விதியே இருக்கிறது.

மாப்பிள்ளைக்குச் சொல்லும் பதில்தான் நீளம். எந்தச் சிக்கலும் இல்லாத, தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்துவிட்ட பெண்ணுக்கு, 24 வாரத்துக்கு மேல் வழக்கமாக இன்னொரு ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. 2015-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 13 சோதனைகளில் ஏறக்குறைய 35 ஆயிரம் பெண்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. எல்லோருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுத்ததால் குழந்தை இறப்பு குறையவில்லை. சிசேரியன் எண்ணிக்கையிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. டாப்ளர் பயன் தருவது வேறு கூட்டத்துக்கு: ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பிள்ளை வளர்ச்சி தடைப்பட்டவர்கள். அவர்களிடம் அது உயிர் காக்கிறது. ஆரோக்கியமானவளுக்கு வைத்தால் கூடுதல் தாள்தான் கிடைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வயிற்றில் கை வைத்தாலே தலை எங்கே என்று சொல்லிவிடுவோம் என்ற பெருமை எங்களைப் போன்ற பழைய நர்ஸ்களுக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் 3,879 தலைப்பிரசவப் பெண்களுக்கு 36 வாரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 179 பேருக்குப் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அதுவரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை. 2019-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு கையை மட்டும் நம்பிப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அது டாப்ளர் வேண்டிய வேலை இல்லை. தலை மேலா கீழா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஆக, ஆராய்ச்சியைக் கொண்டு இவளுக்கு முடிவு சொல்ல முடியவில்லை. “பழைய ஃபைலக் குடு” என்றேன். ஃபைல் வரவில்லை. திருப்பூர் வீட்டு பீரோவில் இருந்தது. மதுரை மருத்துவருக்குக் காட்டியது தாய்-சேய் அட்டையும் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) மட்டும்தான். நம் பக்கத்தில் கடைசி மாத ஸ்கேன்கள் இத்தனை நடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். எட்டு மாதம் ஓர் ஊரில் பார்த்துவிட்டு ஒன்பதாவதில் தாய்வீட்டுக்கு வருகிறார்கள். வளையலும் சேலையும் வருகிறது, ரிப்போர்ட் வருவதில்லை. புது மருத்துவருக்கு முன்னால் நிற்பவள் முன்கதை தெரியாத ஒரு வயிறு. அவர் ஸ்கேன் எழுதாமல் என்ன செய்வார்?

மாப்பிள்ளையைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

முதல் ஸ்கேன் 8 வாரத்தில். கடைசித் தீட்டு நாளோடு இரண்டே நாள் வித்தியாசம். இது ஃபைலிலேயே விலைமதிப்புள்ள தாள். பிரசவ நாளை இதைவிடச் சரியாக இனி எந்த ஸ்கேனும் சொல்லாது. அடுத்து பிள்ளையின் பிடரியில் சேரும் நீரை அளக்கும் என்.டி. ஸ்கேன், பழுதில்லை. இருபதாவது வாரத்து அனாமலி ஸ்கேனுக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் இயல்பு. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: நஞ்சு (பிள்ளைக்கு ஊட்டம் தரும் பிளசென்டா) பின்சுவரில், கீழ் இறங்கியிருக்கிறது, கர்ப்பப்பை உள்வாயிலிருந்து 1.3 செ.மீ.; 32 வாரத்தில் மறுபடி பார்க்கவும்.

யாருக்கும் தெரியவில்லை. “எல்லாம் நார்மல்னுதான சொன்னாக” என்றாள் பெண். பிள்ளை நார்மல் என்று சொல்லியிருப்பார்கள், அதுவும் உண்மைதான். 28 வாரத்தில் ஒரு வளர்ச்சி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதில் ‘நஞ்சு பின்சுவர்’ என்பதோடு நிற்கிறது, தூரம் எழுதவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. நஞ்சு பின்பக்கம் இருந்து, பிள்ளையின் தலை கீழே வந்துவிட்டால், வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது மண்டையோட்டின் நிழல் அந்த ஓரத்தை மறைத்துவிடும். 32 வாரத்தில் ஸ்கேனே இல்லை. வளைகாப்புக்கு நாள் பார்த்த மாதம் அது.

இப்படி இருபது வாரத்தில் நஞ்சு கீழே தெரிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பிரசவ நேரத்துக்குள் அது விலகியிருக்கும். நஞ்சு நகர்ந்து போவதில்லை. கர்ப்பப்பையின் அடிப்பகுதி நீள நீள ஓரம் மேலே போகிறது. மீதி அந்த ஒருத்திக்கு, வலி வந்து கர்ப்பப்பை வாய் திறக்கும்போது ரத்தம் நிற்காமல் போகலாம். மேலூரிலிருந்து மதுரை வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். இவளுக்கு இதுவரை ஒரு சொட்டுத் தீட்டும் படவில்லை. திருப்பூரிலிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் வந்திருக்கிறாள். நல்ல அறிகுறிதான், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

எனவே ஸ்கேன் எடுப்பது என்று முடிவாயிற்று. சீட்டில் எழுதிய காரணம் வேறு, இது வேறு. மறுநாள் அனாமலி ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, பழைய சீட்டை வாங்கி அதிலேயே அடித்து எழுதினார்: நஞ்சின் கீழ் ஓரத்துக்கும் உள்வாய்க்கும் இடைப்பட்ட தூரம், தேவைப்பட்டால் உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது), தலை நிலை, வளர்ச்சி. டாப்ளரை அடிக்கவில்லை. “கூடவே பார்த்துடட்டும்மா, பிள்ளை சின்னதா தெரியுது” என்றார். வயிற்றின் உயரம் டேப்பில் 33 செ.மீ. வந்திருந்தது. 36 வாரத்துக்கு 36-ஐ ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு செ.மீ. முன்பின் பரவாயில்லை, மூன்று என்றால் யோசிக்கலாம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஸ்கேன் மையத்தில் முதலில் ‘எஃப்’ படிவம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டேன் என்று கர்ப்பிணி கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவர் சொல்ல மாட்டேன் என்று போட வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டம். சுவரில் அதே எச்சரிக்கைப் பலகை. வேறு ஊரில் இதைச் சடங்காக எடுத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகள் 1980-களில் நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டத்தில் அந்தப் பலகையைச் சடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. தம்பி மனைவி மட்டும் என் காதருகே, “மதினி, சாடையாவது காட்ட மாட்டாகளா?” என்றாள். நான் பலகையைக் காட்டினேன்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது நினைத்தபடியே தலை மறைத்தது. உள்வழியாகப் பார்க்க வேண்டும் என்றதும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூச்சம் ஒரு பக்கம், நஞ்சு கீழே இருக்கும்போது உள்ளே எதையாவது விட்டால் ரத்தம் வந்துவிடுமோ என்ற பயம் மறுபக்கம். அந்தப் பயம் தேவையில்லை. கருவி கர்ப்பப்பை வாய்க்குள் போவதில்லை, அதற்கு முன்பே நின்றுவிடும். பின்சுவர் நஞ்சை அளக்க இதைவிடப் பாதுகாப்பான, துல்லியமான வழி கிடையாது. ஸ்கேன் மருத்துவர் திரையில் ஒரு புள்ளியை நஞ்சின் ஓரத்தில் வைத்தார். உருண்டையை உருட்டி, புள்ளிக்கோடு நீள நீள, இன்னொரு புள்ளியை உள்வாயில் வைத்தார். மூலையில் எண் ஓடி நின்றது. “நாலு புள்ளி ஒண்ணு சென்டிமீட்டர். நல்லா தள்ளி இருக்கு.” இரண்டு செ.மீ.க்கு மேல் என்றாலே சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. தலை கீழே. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

ஆனால் ரிப்போர்ட் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிற்பதில்லை. வீட்டுக்கு வந்த தாளில் இன்னும் நான்கு செய்திகள் இருந்தன. வீடு பிடித்துக்கொண்டது அவற்றைத்தான்.

முதலாவது எடை: 2,400 கிராம், கூட்டல் கழித்தல் 350. அந்தக் கூட்டல் கழித்தலை யாரும் படிப்பதில்லை. பிள்ளை இரண்டு கிலோவாகவும் இருக்கலாம், இரண்டே முக்காலாகவும் இருக்கலாம் என்று மெஷினே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் அதன் பொருள். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவதே தவிர யாரும் தராசில் வைக்கவில்லை. இங்கே உதவியது 28 வாரத்து ரிப்போர்ட். அப்போது 1,060 கிராம். அந்த வாரத்துக்குக் கீழ்வரிசைதான், ஆனால் பத்து சதவீதக் கோட்டுக்கு மேல் (அதே வாரத்துப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள்). இப்போதும் அதே கோட்டுக்குச் சற்று மேல். எட்டு வாரமாகத் தன் வரிசையை விட்டு இறங்கவில்லை. தாயும் சின்ன உடம்புக்காரி. டாப்ளரில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் இயல்பு. வளர்ச்சி நின்றுபோன பிள்ளைக்கும் பிறவியிலேயே சின்ன உருவமான பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இப்படி இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஒற்றை ஸ்கேனில் தெரியாது.

இரண்டாவது நாள். ரிப்போர்ட்டின் தலைப்பில் ‘34 வாரம் 2 நாள்’ என்றும், பிரசவ நாள் மே 8 என்றும் அச்சாகியிருந்தது. தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு, நாள் தள்ளிப்போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கடைசி மூன்று மாதத்தில் அளவை வைத்து வாரம் கணித்தால் மூன்று வாரம் வரை முன்பின் போகும். சின்னப் பிள்ளை என்றால் மெஷின் அதை இளம் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளும். முதல் மூன்று மாத ஸ்கேன் இருக்கும்போது இந்த நாளைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. ஏப்ரல் 25 ஏப்ரல் 25-தான். அட்டையில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது பிள்ளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர். கர்ப்பப்பையின் நான்கு மூலையிலும் அளந்த ஆழத்தைக் கூட்டினால் 7 செ.மீ.; ஆழமான ஒரே பகுதியை மட்டும் எடுத்தால் 3.1. குறைவு என்று சொல்ல வேண்டுமானால் கூட்டுத்தொகை 5-க்குக் கீழே, அல்லது ஒற்றை ஆழம் 2-க்குக் கீழே போக வேண்டும். இவளுக்கு இரண்டும் எல்லைக்குள். ஆனால் தாளில் ‘கீழ் அளவை ஒட்டி’ என்று ஒரு சொற்றொடர். அது வீட்டுக்கு வரும்போது ‘தண்ணி வத்திருச்சு’ ஆகிவிட்டது. நான்கு மூலைக் கணக்கைவிட ஒற்றை ஆழக் கணக்கே மேல் என்பது சோதனைகளில் தெளிவானது. கூட்டுத்தொகையை வைத்து முடிவெடுத்தால் வலி வர ஊசி போடுவது கூடுகிறது, பிள்ளைக்கு அதனால் நன்மை கூடுவதில்லை.

நான்காவது, மாப்பிள்ளை பயந்ததேதான்: கழுத்தில் கொடி ஒரு சுற்று. நாலைந்து பிரசவத்துக்கு ஒன்றில் இப்படித்தான் இருக்கும். தலை வந்ததும் விரலால் எடுத்துத் தலை வழியே கழற்றிவிடுவோம். எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்த வேலை இது. இதற்காக மட்டும் வயிற்றைக் கீற வேண்டியதில்லை. ஸ்கேன் மையங்கள் இதைத் தடித்த எழுத்தில் போடாமல் இருந்தால் புண்ணியம்.

எடை குறைவு, தண்ணி குறைவு, கொடி சுற்று. மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது யாருக்கும் வயிறு கலங்கும். அப்போதுதான் சித்திரைப் பேச்சு வெளியே வந்தது. “மதினி, எப்படியும் ஆபரேசன்தான் போல இருக்கு. பங்குனிக்குள்ளயே நல்ல நேரம் பாத்து எடுத்துட்டா என்ன?” ஜோசியரிடம் இரண்டு தேதி வாங்கி வைத்திருந்தாள். பிந்தியது பங்குனி 30, அதாவது ஏப்ரல் 12. அன்று 38 வாரம் ஒரு நாள்.

ஸ்கேன் எடுத்ததன் ஆபத்து என்று நான் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஒலி அலை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த ஓர் ஆசைக்கு அந்தத் தாள் மருத்துவக் காரணத்தைக் கொடுத்துவிட்டது. மருத்துவர் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவில்லை. “நீங்க உறுதியா கேட்டா பேசலாம். ஆனா 39 வாரம் முடியாம, காரணம் இல்லாம எடுத்தா பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வர்றது கூடும். கண்ணாடிப் பெட்டில வச்சிப் பாக்க வேண்டி வரும். நான் சொல்ல மாட்டேன்” என்றார். காப்பாற்றியது பெண்தான். அதுவரை எதுவும் பேசாமல் இருந்தவள், “அழகர் ஆத்துல எறங்குறதும் சித்திரையிலதான அத்தை?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பதில் இல்லை. அப்பத்தா சிரித்துவிட்டார்.

வாரம் ஒரு முறை ரத்த அழுத்தம், வயிற்று அளவு. தினமும் பிள்ளை அசைவை எண்ணுவது. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுக்குக் குறைந்தால் உடனே வருவது. இரண்டு வாரம் கழித்து வளர்ச்சியை ஒரு முறை பார்ப்பது. இதுதான் ஏற்பாடு. இரண்டு வாரத்துக்கு முன்னால் எடை பார்க்கப் போனால் அளவின் பிழையே வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்த இரண்டு வாரம் முடியவிருந்த ஒரு மத்தியானம், பெண் சாப்பிட்டுப் படுத்தும் பிள்ளை சரியாக அசையவில்லை என்றாள். இந்த முறை வீட்டில் வாக்குவாதமே இல்லை. ஸ்கேன் ஆகாது என்ற அப்பத்தாதான் ஆட்டோவைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். அசைவு குறைவு என்றால் யோசிக்க நேரம் எடுக்கக் கூடாது. மருத்துவமனையில் பெல்ட் கட்டி, பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் என்.எஸ்.டி. பார்த்தார்கள், துடிப்பு நன்றாக ஏறி இறங்கியது. ஸ்கேனில் தண்ணீரின் ஒற்றை ஆழம் 3 செ.மீ., எடை 2,700-ஐ ஒட்டி. பெல்ட்டைக் கழற்றுவதற்குள் பிள்ளை உதைக்க ஆரம்பித்துவிட்டது.

அழகர் இறங்கும் நாளில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நுழையாது என்பதால், ஒத்தக்கடை வழியாக மாட்டுத்தாவணி வந்து கே.கே.நகருக்குள் திரும்புவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அழகர் இறங்கிய மறுநாள் விடியலில் தானாகவே வலி வந்தது. ஏப்ரல் 24. 39 வாரம் 6 நாள். சுகப்பிரசவம், 2,780 கிராம். கொடி ஒரு சுற்று இருந்தது. தலை வந்ததும் கழற்றினார்கள்.

இதே பங்குனியில் எங்கள் தெருவிலேயே இன்னொரு நிறைமாசக்காரிக்கு என் பதில் வேறாக இருந்தது. செங்கல் சூளையில் வேலை பார்த்துவிட்டு ஏழாம் மாதத்துக்கு மேல் ஊர் திரும்பியவள். ஒரு ஸ்கேனும் எடுத்ததில்லை. கடைசித் தீட்டு நாளும் நினைவில்லை. முதல் பிள்ளை சிசேரியன். இவளுக்குக் கட்டாயம் வேண்டும். பிள்ளை ஒன்றா இரண்டா, தலை எங்கே, நஞ்சு எங்கே, அது பழைய தையல் தழும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தழும்பின் மேல் கீழிறங்கிய நஞ்சு கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே வேர்விட்டிருக்கக்கூடும். அப்படியானால் பிரசவம் ரத்த வங்கியும் பெரிய அறுவை அரங்கும் உள்ள இடத்தில்தான். மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் இலவசச் சிறப்புப் பரிசோதனைக்கு நர்ஸம்மா கூட்டிப்போய், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நஞ்சு மேலே, முன்சுவரில். தழும்பை விட்டுத் தள்ளி. வாரம் 33 என்று வந்தது. அட்டையில் அதன் பக்கத்திலேயே அங்கிருந்த மருத்துவர் ‘தாமதமாகக் கணித்த நாள், மூன்று வாரம் முன்பின்’ என்று எழுதியிருந்தார். பிரசவ நாள் தாண்டிவிட்டது என்று பிறகு யாராவது அவசரப்பட்டால் முதலில் இந்த வரியைக் காட்டு என்று சொல்லி அனுப்பினேன்.